பட்டியலில் மாலிக்

...அதுவும் வாட்ஸ்அப்பில், நேரில் வந்து சொல்லக்கூட வாய் இல்லை, 'நன்றி ரெஜிஸ் சார்' என்று ஒரு வரி, பக்கத்தில் கும்பிடும் கை, அதற்குக் கீழேயே செயலாளர் இளவரசனின் பேத்திக்குப் பிறந்தநாள் கேக் படம், இப்படியா ஒரு கோச்சை அனுப்புவார்கள், ஏழு வாரம், வெறும் ஏழே வாரம்தான் கொடுத்தார்கள் என் புருஷனுக்கு... மடியில் பதினெட்டு ஜெர்சிகள் அடைத்த பையைக் கட்டிக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி உட்கார்ந்த லிசிக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. போன வருஷம் சகாயா எஃப்.சி. முதல் டிவிஷனிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கியபோது ரெஜிஸா கோச்? இல்லையே. அதற்கப்புறம் வந்தவர்களில் ஒருவர் பஹ்ரைன் போனார், ஒருவரை இவர்களே விரட்டினார்கள், யாரும் கிடைக்காமல்தானே பொன்மலை ரயில்வே வொர்க்‌ஷாப் வாசலில், ஷிப்ட் முடிந்து வந்த மனுஷனை மடக்கி, "நம்ம ரெஜிஸ் இருக்கும்போது வெளியில ஏன் தேடணும்" என்று தோளில் கை போட்டார் இளவரசன், இப்போது அந்தக் கை எங்கே?

"அக்கா, உங்களுக்கு டிக்கெட் ஃப்ரீ, மூட்டைக்கு லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர். "மடியிலதானே இருக்கு, யார் இடத்தை அடைச்சுது?" "கோவிச்சுக்காதீங்க, உள்ள என்ன, தலகாணியா?" "ஃபுட்பால் டீமு. மொத்தமும் உள்ளதான் இருக்கு." அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை... ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து, செம்மண் கறை போகத் தேய்த்துத் தேய்த்துக் கை எரிந்ததே, யார் பார்த்தார்கள், இப்போது புது கோச் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார், கொண்டுபோய்க் கொடுங்கள் என்று உத்தரவு வேறு. நான் போகிறேன் என்றுதான் ரெஜிஸ் சொன்னார். நீங்கள் பட்டது போதும், நானே போய் அந்த ஹயக்ரீவன் சாரை முகத்துக்கு நேரே கேட்கிறேன் என்று பையைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். என்ன பெரிய தப்பு? இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி, ஒரு ஆட்டம் ஆடக்கூடாத மாலிக் ஆடிவிட்டான், எதிர் டீம் புகார் கொடுத்தது, ஜெயித்த ஆட்டம் தோற்றதாகி, மூன்றாவது டிவிஷன் வாசலில் நிற்கிறார்கள். அன்றைக்கு ஷிப்ட் இழுத்துவிட்டது, இடைவேளைக்குத்தான் அவரால் மைதானத்துக்கே வர முடிந்தது, நடுவரிடம் பட்டியல் கொடுத்தபோது கமிட்டிக்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள், போண்டா தின்றுகொண்டா? அவர் எழுத்து அவருக்கே புரியாது என்று வாராவாரம் பட்டியலை எழுதுவதுகூட லிசிதான், அவர் வேலையிடத்திலிருந்து பார்த்துப் பார்த்துப் பெயர்களை அனுப்புவார்... போனிலேயே இருக்குமே, அந்த ஹயக்ரீவனிடம் காட்டலாமே, எவ்வளவு கவனமான மனுஷன் என்று.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. விரலால் தள்ளித் தள்ளி அந்தச் சனிக்கிழமைக்குப் போனாள். 'போன வாரப் பதினோரு பேரே போதும் லிசி.' அதற்குக் கீழே இன்னொரு வரி. 'மாலிக்கை மட்டும் எடுத்துட்டு இம்மானுவேலைப் போடு.' அதற்கும் கீழே, அவள் போட்ட கட்டைவிரல். அன்றைக்குக் கோவிலில் பாட்டுப் பயிற்சி, முதல் வரியை மட்டும் பார்த்து, பழைய பட்டியலை அப்படியே அழகாக நகலெடுத்து... ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது, அவளுக்கு வியர்த்தது. "என் தப்புதாங்க" என்று கமிட்டியில் சொல்லிவிட்டு வந்தாரே. இத்தனை நாளும் சாப்பாட்டு நேரத்தில் அவள் இளவரசனைத் திட்டத் திட்ட, தட்டைப் பார்த்தபடியே "விடு லிசி, விடு" என்றாரே, வருத்தத்தில் என்றல்லவா நினைத்தாள்...

நிறுத்தத்தில் நெற்றி நிறைய நாமத்தோடு, கழுத்தில் விசிலோடு ஒருவர் ஓடிவந்தார். "வாங்கோ மேடம், நான் ஹயக்ரீவன். ரெஜிஸ் சார் இப்பதான் போன் பண்ணினார். கோபமா வருவா, என்ன சொன்னாலும் மனசுல வெச்சுக்காதீங்கன்னார்." அவள் பையை நீட்டினாள், கைப்பிடியை விடத்தான் மறந்துபோனாள். ரெஜிஸுக்குத் தெரிந்திருக்கிறது, முதல் நாளிலிருந்தே. ஆனால் எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியுமா... இல்லை, எல்லாம் தெரிந்தேதான் நான் ஊரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து, அதையும் சேர்த்தே பொறுத்துக்கொண்டாரா?