மாமியாரின் இடது சிறுநீரகம்

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. கண்ணாடி மாற்றப் போன கடையில் கிடைத்தது. கடைக்காரப் பெண் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே, "நீங்க கதை எழுதுறவங்கதானே? எங்க அத்தையைப் பத்தி எழுதுங்க. ஆனா நல்லவங்கன்னு மட்டும் எழுதிடாதீங்க, அவங்களுக்குப் பிடிக்காது" என்றாள்.

வீட்டுக்கு வந்து முதல் வரியை எழுதினேன்: மாமியார் என்றாலே—

(நிறுத்திவிட்டேன். அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும்.)

2

கடைக்காரப் பெண்ணுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டிருந்தன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், மற்ற நாள் கடை. ஃப்ரேமில் திருகாணி முடுக்கும்போது விரல் நடுங்கும். வாடிக்கையாளர் கண்ணில் படாமல் மேசைக்கடியில் வைத்து முடுக்குவாள். கணவனின் ரத்த வகை பொருந்தவில்லை. தம்பி முன்வந்தான். கூரியர் வண்டி ஓட்டுபவன், கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயசு.

(தம்பியின் தியாகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். பரிசோதனை முடிவு வந்து அதைக் கிழித்துப் போட்டது.)

அவனுக்கு ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. சிறுநீரில் புரதம் கசிந்தது. அதுவரை அவனுக்கே தெரியாது.

"இதை எடுத்து அக்காவுக்கு வெச்சா ரெண்டு பேருக்கும் கெடுதல்" என்றார் மருத்துவர். "ஏற்கெனவே களைச்ச கிட்னி, அங்க போயும் ரொம்ப காலம் தாங்காது. உங்களுக்கு மிஞ்சுற ஒண்ணும் சீக்கிரம் படுத்துடும். இப்பவே மாத்திரை ஆரம்பிச்சா உங்களோடதையாவது காப்பாத்திடலாம்."

வெளியே வந்தவன் அக்கா முகத்தைப் பார்க்க மாட்டாமல் சுவரைப் பார்த்து அழுதான்.

"எனக்குக் கொடுக்க வந்து நீ பொழச்சுக்கிட்டடா. அது போதும்" என்றாள் அவள். ஒப்புக்குச் சொல்லவில்லை.

3

மாமியாருக்கு அறுபத்து மூன்று வயது. நீச்சல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். வீட்டுக்குள் பேசினாலும் குளத்தின் அந்தக் கரைக்குக் கேட்கிற குரல். டம்ளரைக் கவிழ்த்து வைப்பதா நிமிர்த்தி வைப்பதா என்பதிலிருந்தே மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகாது. அவர் யாரையும் கேட்காமல் மருத்துவர் முன்னால் போய் நின்றார்: "என்னோடதைப் பாருங்க."

"அம்மாவுக்கு வயசாயிடுச்சே..." என்று மகன் இழுத்தான்.

எல்லாப் பரிசோதனையும் முடிந்தபின் மருத்துவர் சொன்னார்: "பிறந்த தேதியை மட்டும் வெச்சு முடிவு பண்றதில்ல. ரத்த வகை பொருந்துது, சர்க்கரை இல்ல, அழுத்தம் இல்ல, வடிகட்டுற வேகம் நல்லா இருக்கு. இருபது வயசுக்காரங்களோடது மாதிரி உழைக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா தம்பியோடதைவிட இதைத்தான் நம்புவேன்."

இப்போது மருமகள் மறுத்தாள்.

"வேண்டாம் அத்தை."

"ஏன்?"

"ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவீங்க."

(இந்த இடத்தில் மூன்று வரைவுகளில் மாமியாரைக் கண்கலங்க வைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் அவர் ஒத்துழைக்கவில்லை.)

அவர் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "ஆமா, சொல்லிக்காட்டத்தான் போறேன். கேட்கிறதுக்கு நீ இருக்கணும்ல?"

மருமகள் எதிரே உட்கார்ந்து ஒரு தலையணை உறையை எடுத்தாள். வெகுநேரம் அந்த ஒன்றையே மடித்துக்கொண்டிருந்தாள்.

4

மாமியாரின் இடது சிறுநீரகத்தை மருமகளின் அடிவயிற்றில் வைத்து ரத்த ஓட்டத்தைத் திறந்துவிட்டதும், வெளிறிக் கிடந்தது சிவந்துகொண்டு வந்ததாம். தையல் போடுவதற்குள்ளேயே சிறுநீர் சுரந்துவிட்டதாம். மருத்துவர் வெளியே வந்து சொன்னபோது கணவன் புரியாமல், "அது நல்லதா?" என்று கேட்டான். "ரொம்ப நல்லது" என்றார்.

மறுநாள் சக்கர நாற்காலியில் மாமியார் வந்தார். மருமகள் முகத்தைப் பார்த்ததைவிடக் கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையை அதிகநேரம் பார்த்தார். "பரவாயில்ல. ஒழுங்கா வேலை பார்க்குது."

மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

(நன்றி என்ற சொல்லை இங்கே எழுதி அடித்தேன், மறுபடி எழுதி மறுபடி அடித்தேன். அவளுக்கே வராத சொல்லை நான் எதற்குத் திணிக்க வேண்டும்? அந்தக் கை போதும்.)

5

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில், அந்தச் சிறுநீரகம் அவள் நரைத்துக் கிழவியாகும்வரை ஓடுகிறது. இன்னொன்றில், நடுவழியில் களைத்துவி—

இரண்டையும் விட்டுவிட்டேன். ஆரோக்கியமான சிறுநீரகம் கிடைத்தால் அது நல்ல தொடக்கம். மீதி மாத்திரையும் கவனமும் கொஞ்சம் அதிர்ஷ்டமும். எத்தனை காலம் என்று எழுத எனக்கு அதிகாரமில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தம்பி மாத்திரையைத் தவறவிடுவதில்லை. அவள் மேசைக்கு மேலேயே வைத்துத் திருகாணி முடுக்குகிறாள். போன வாரம் நான் கடையில் இருந்தபோது மாமியார் உள்ளே வந்தார்.

"தண்ணி குடிச்சியா?"

"குடிக்கிறேன் அத்தை."

"எப்போ? என் கிட்னி காயுது."

"உங்க கிட்னியா? இப்ப அது என்னோடது."

மாமியார் வாயைத் திறந்தார்.

அவர் சொன்ன பதில் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். திட்டிக்கொண்டே உங்களைத் தாங்கிப் பிடித்த ஒருவர் உங்களுக்கும் இருப்பார். அவர் குரலில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.