மூன்றாவது சேதம்

பெட்டியின் பக்கப் பலகை கழன்றதும் கிடங்குச் செக்கர் குனிந்தார். நிமிரும்போது முகத்தில் ஒரு சந்தோஷம். இருபது வருடமாகக் கீறலும் விரிசலும் தேடியே வாழ்பவர். கிடங்கில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்றே பேர்.

"வலப்பக்கத் தந்தம் பாதிதான் இருக்கு. சேதம்னு எழுதிக்கறேன்."

லாரிக்காரர் அவசரமாக எட்டிப் பார்த்தார். பெட்டிக்குள் இருந்தது இடுப்புயர மரப் பிள்ளையார். இந்த வருடம் ஏற்கெனவே ஓர் அலமாரி, ஒரு பியானோ. மூன்றாவது சேதம் பதிவானால் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

"சார், அது பொறந்ததுலேருந்தே... அதாவது, செஞ்சதுலேருந்தே அப்படித்தான். பிள்ளையாருக்கு ஒத்தத் தந்தம் சார்."

"எனக்குத் தெரியும்ப்பா. ஃபாரத்துக்குத் தெரியாதே. ஏன் ஒடஞ்சுதுன்னு ஒரு கட்டம் இருக்கு. காரணம் சொல்லு."

லாரிக்காரர் பதினெட்டு வருடமாக ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டிவைத்துக் கும்பிடும் சாமி. ஏன் ஒன்று மட்டும்? யார் உடைத்தது? வேலை இருக்கட்டும், அவருக்கே இப்போது தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. மனைவிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டார்.

"தினம் கும்பிடறீங்களே, ஒரு நாளாவது மூஞ்சியப் பார்த்தீங்களா?"

"நான் ரோட்டைப் பார்த்து ஓட்டறவன்டி. காரணத்தைச் சொல்லு, சார் பேனாவோட நிக்கறாரு."

"முனிவர் கதை சொல்லச் சொல்ல இவர் எழுதணும். நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு பேச்சு. எழுத்தாணி ஒடிஞ்சுபோச்சு. வேற தேடிட்டு நிக்கல, யாரையும் குத்தம் சொல்லல, தன் தந்தத்தையே ஒடிச்சு எழுதி முடிச்சார். தனக்கு நஷ்டம்னாலும் ஒத்துக்கிட்ட வேலையை ஒழுங்கா முடிக்கணும், அதான் விஷயம். ஒடஞ்ச துண்டு கையிலயே இருக்கும், பாருங்க."

பூதக்கண்ணாடி பார்த்தார். இருந்தது. தன் சேதத்தைத் தானே கையில் பிடித்துக்கொண்டு வந்த சரக்கை அவர் முதல்முறையாகப் பார்க்கிறார். 'சேதம் இல்லை' என்று எழுதி, முத்திரையை எடுத்தார்.

லாரிக்காரருக்கோ ஆவல் அடங்கவில்லை. அந்தக் கை, தும்பிக்கை, தொந்தி, பாதம் என்று இறங்கி, குத்துக்காலிட்டு மூஞ்சூறு வரை பார்த்தார்.

மூஞ்சூறுக்கு வால் இல்லை. முறிந்த இடத்தில் உள்மரம் புதிதாக வெளுத்திருந்தது. வால் பெட்டியில் அடைத்திருந்த வைக்கோலுக்குள் கிடந்தது. காலையில் ஒரு நாய் குறுக்கே வந்ததும், தான் பிரேக் மேல் ஏறி நின்றதும் நினைவுக்கு வந்தன.

விரல் நீள வால். சட்டைப் பையில் தாராளமாகப் போகும்.

"சார், கொஞ்சம் இருங்க." வாலை நீட்டினார்.

பூதக்கண்ணாடி குரலைத் தாழ்த்தினார். "நான் இதைப் பார்க்கலயேப்பா."

"எனக்குத் தெரியும் சார். ஃபாரத்துக்குத் தெரியாதே. பேனாவைக் குடுங்க."

'ஓட்டுநர் குறிப்பு' என்ற கட்டத்தில் நிறுத்தாமல் எழுதினார்: "வால் நான் உடைத்தது. தந்தம் அவரே உடைத்தது."

பூதக்கண்ணாடி அதை இரண்டு முறை படித்தார். பிறகு வெகுநேரம் முத்திரையைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.