மூன்று முறை விழுந்தவள்

ரெஜிலா விழுந்தாள்.

ட்ரெட்மில்லை நிறுத்தி, தரையில் கால் வைத்து, இரண்டு தடவை தள்ளாடி, ரப்பர் பாய் மேல் பக்கவாட்டில் சரிந்தாள். சரியும்போதே மனதுக்குள் எண்ணத் தொடங்கியிருந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

பன்னிரண்டில்தான் யாரோ, "ஐயோ, பிரைட்டனுக்க பெண்டாட்டி" என்றார்கள். நாற்பதில் ஒரு தடித்த குரல், "வலிப்பு. இரும்பு குடுங்கலே" என்றது. ஐம்பத்தைந்தில் அவளுடைய வலது கைக்குள் கனமான ஒரு சாவிக்கொத்து திணிக்கப்பட்டது. தலைமாட்டில் ஒருவர் முழங்காலிட்டு ஜெபிக்க ஆரம்பித்தார். மூச்சு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

இரண்டு நிமிடம் முடிந்ததும் கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்து, சாவிக்கொத்தை ஜிம் முதலாளி யூஜினிடம் நீட்டினாள்.

"எனக்கு வலிப்பு ஒண்ணும் இல்லண்ணே. சும்மா ஒரு மயக்கம்."

"பாத்தியளா, இரும்பு பிடிச்சதும் தெளிஞ்சிட்டு" என்றார் யூஜின், சுற்றி நின்றவர்களிடம்.

புதுக்கடை ஊர் ஜிம்மின் கதை அத்தோடு முடிந்தது.

வெளியே காரில் கணவன் பிரைட்டன் காத்திருந்தான். நாற்பத்து மூன்று வயது. நான்கு மாதத்துக்கு முன்பு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். தினமும் உடற்பயிற்சி வேண்டும், ஆனால் தனியாக வேண்டாம், விவரம் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதுவரை அந்த ஆள் ரெஜிலா. மஸ்கட்டில் பதினொரு வருடமாக இதய வார்டு நர்ஸ். லீவு தீர்ந்துவிட்டது. இன்று புதன். ஞாயிறு காலை திருவனந்தபுரத்திலிருந்து ஃப்ளைட்.

அவள் போன பிறகு இந்த மனுஷன் விழுந்தால், முதல் நான்கு நிமிடம் பக்கத்தில் நிற்கிறவன் கையில். அது யார் கை என்று பார்க்காமல் அவள் விமானம் ஏறுவதாக இல்லை. விசாரித்தால் எல்லா ஜிம்மிலும் சர்டிஃபிகேட்டைக் காட்டினார்கள். ஆகவே விழுந்து பார்ப்பதென்று முடிவு செய்தாள்.

"யூஜினுக்க ஜிம்முக்கு என்ன கொறச்சல்?" பிரைட்டன் வண்டியைக் கிளப்பினான். "நம்ம சபை. கொயர்ல எனக்க பக்கத்துல நிக்கவன்."

"பாட்டு பாடுகதுக்கு அவரு போதும்."

"பின்ன ஒனக்கு யாருதான் வேணும்?"

"நீங்க விழுந்தா மூச்சு இருக்கான்னு பாக்குக ஆளு."

"நான் எதுக்குட்டி விழணும்?"

"விழ வேண்டாம். விழுந்தா?"

பிரைட்டன், பல் டாக்டர் முதல் பந்தல்காரர் வரை 'நம்ம சபையா?' என்று கேட்டு ஆள் பிடித்தே பழகியவன். இதயத்தையும் அந்தக் கணக்கிலேயே ஒப்படைக்கப் பார்த்தான்.

வியாழக்கிழமை தக்கலை ஜிம். மூன்றாவது மாடி, லிஃப்ட், ஏசி, சுவரெல்லாம் கண்ணாடி. ட்ரெய்னர் ஹரிகுமாரின் டீஷர்ட் தையல் விட்டுப்போகும் நிலையில் இருந்தது. ரெஜிலா சுத்தமாக விழுந்தாள். போன தடவையைவிட நன்றாகவே வந்தது.

ஒன்பதாவது விநாடியில் ஆறு பேர் சுற்றி நின்றார்கள். ஒருவரும் தொடவில்லை.

"லேடீஸ் பாருங்க, நாம தொடப்பிடாது" என்றான் ஹரிகுமார். "லேடி ட்ரெய்னர் எப்பம் வரும்?"

"நாலு மணிக்கு சார்" என்றாள் ரிசப்ஷனில் இருந்த அஞ்சு.

"ட்ரையல் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கினியா?"

"வாங்கல சார்."

"இப்ப வாங்க முடியுமா?"

"பேனா இருக்கா?" என்று ரெஜிலா தரையில் கிடந்தபடியே கேட்டாள்.

வெள்ளிக்கிழமை இரணியல். ஒரு காலத்தில் ரப்பர் ஷீட் அடுக்கி வைத்த குடோன். தகரக் கூரை, நான்கு ஃபேன், பெயிண்ட் உதிர்ந்த இரும்புக் கட்டைகள். "சபையும் வேற, ஏசியும் கெடையாது" என்று முனகிக்கொண்டு பிரைட்டன் காரிலேயே உட்கார்ந்துகொண்டான்.

நடத்துகிறவள் சத்தியபாய். நாற்பதைத் தாண்டியவள், சுரிதார், கழுத்தில் விசில். எதிரே அவளுடைய ட்ரெய்னர் பெர்லின், யாருக்கோ முட்டி மடக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ரெஜிலா சைக்கிளிலிருந்து இறங்கினாள். விழுந்தாள்.

மூன்றில் விசில். ஐந்தில் பாட்டு நின்றது. எட்டில் இரண்டு விரல்கள் அவள் கழுத்தில் அழுந்தின. யாரோ காதை அவள் மூக்கருகே வைத்து மூச்சைக் கேட்டார்கள்.

"பெர்லின், பெட்டி. மத்தவங்க செவரோரமா நில்லுங்க."

பதினேழில் தோளருகே ஏதோ வைக்கப்பட்டு, மூடி திறக்கும் சத்தம். ரெஜிலா இமைக் கீற்றில் பார்த்தாள். நின்றுபோன இதயத்தை மின்அதிர்ச்சி கொடுத்து ஓட வைக்கும் பெட்டி. மஸ்கட் வார்டில் தினமும் அவள் சோதித்து வைப்பது இதைத்தான்.

"108 விளிக்கட்டா?" பெர்லினின் குரல்.

"வேண்டாம்." பிறகு சத்தியபாயின் குரல் காதோரம் வந்தது. "கண்ணத் தொறங்கக்கா. மூச்சு சீரா இருக்கு, நாடி ஓட்டமா ஓடுகு."

ரெஜிலா எழுந்து உட்கார்ந்தாள். வெட்கப்பட நேரமில்லை.

"எப்பம் கண்டுபிடிச்சிய?"

"விழும்போ தலைய தூக்கிப் பிடிச்சிய. மயங்குகவ தலைய பாக்கமாட்டா."

"அப்பமே தெரிஞ்சிட்டுன்னா எதுக்கு பெட்டி வரைக்கும் எடுத்திய?"

"நான் நெனச்சது தப்பா இருந்தா?"

பெர்லின் பெட்டியை மூடினான். "நான் மேடம்தான் மறுபடியும் விழுந்திட்டாவன்னு ஓடி வந்தேன்."

"மறுபடியுமா?"

"எங்கள சோதிக்க மாசத்துல ஒருக்கா விழுவாவ. சொல்லமாட்டாவ. போன தடவ நான் வாழப்பழம் தின்னுட்டு நின்னேன். இருபத்தஞ்சு செகண்ட் ஆயிட்டு. ஒரு வாரம் எங்கிட்ட பேசல."

"பழத்த கையிலயே வச்சிட்டு ஓடி வந்தான் அக்கா" என்றாள் சத்தியபாய். "நாடி பாக்க கை இல்ல."

ரெஜிலா தன் வேலையையும், ஞாயிற்றுக்கிழமை ஃப்ளைட்டையும், இரண்டு ஸ்டென்டையும் நாலே வாக்கியத்தில் சொன்னாள். "ஃபார்ம் குடுங்க" என்றாள்.

சத்தியபாய் ஃபார்மை எடுத்து மேஜையில் வைத்தாள். அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டாள்.

"எழுதுகதுக்கு முன்ன ஒண்ணு கேட்டுக்கிடுங்க. மூணு வருசத்துக்கு முன்ன இங்க ஒரு ஆளு நெசமாவே விழுந்தாரு. ஏழு பேரு சுத்தி நின்னோம். தண்ணி தெளிச்சோம், உள்ளங்கால தேச்சோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. ஆட்டோ வாறதுக்குள்ள போயிட்டாரு. நாளைக்கு இத வேற யாராவது சொல்லி நீங்க கேக்கப்பிடாது."



வார்டில் தப்பு நடந்தால் ஃபைலை ஒளிக்கிறவர்களை ரெஜிலா நிறையப் பார்த்திருக்கிறாள். கேட்காமலே எடுத்து முன்னால் வைக்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவள் சத்தியபாயின் கையை மெதுவாக விலக்கினாள். சேர்பவர் பெயர் என்ற இடத்தில் 'பிரைட்டன்' என்று பெரிதாக எழுதினாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

"திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்கு வருவாரு. வரமாட்டேன்னா எனக்கு ஒரு மிஸ்டு கால் போதும்."

"வருவாரு. வரலன்னா பெர்லின் வீட்டுக்கு வருவான்."

வாசல்வரை போன ரெஜிலா திரும்பினாள்.

"அந்த விழுந்த ஆளு யாரு?"

சத்தியபாய் ஃபார்மைக் கிளிப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஜிம்ம தொடங்கின ஆளு" என்றாள். "எனக்க வீட்டுக்காரரு."