பச்சைத் துணிக்கு நடுவே

மண்டபத்தின் ஒரு கோடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி, அதுதான் மக்காவின் ஸஃபா குன்று என்றார்கள். மறுகோடியில் தண்ணீர் கேன் வைத்த மேசை மர்வா குன்று. இடையிலிருந்த இரண்டு தூண்களில் பச்சைத் துணி சுற்றியிருந்தது. ஹஜ்ஜுக்குப் போகும் பெண்களுக்கு இது கடைசிப் பயிற்சி வகுப்பு. நாளை மறுநாள் விமானம்.

மருந்துக்கடைக்காரர் மனைவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைப்பைகளை எல்லாம் மர்வா மேசையில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். அவளுடைய கைப்பேசியும் அதற்குள் இருந்தது. மகள் கூப்பிட்டால் கேட்குமா என்று பாதிக் காது அங்கேயே கிடந்தது.

பயணம் புறப்படும் முன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். கேட்டாள். கடைக்கு மருந்து இறக்குகிறவர், மாடிவீட்டுக்காரி, பல வருடமாக முகம் கொடுத்துப் பேசாத நாத்தனார் வரைக்கும். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க." அந்தத் 'தெரிஞ்சோ தெரியாமலோ'வுக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவிடலாம். மகள் விஷயத்தில் மட்டும் முடியாது. அது தெரிந்தே செய்தது.

புருஷன் வீட்டை விட்டு ஒற்றைப் பெட்டியோடு மகள் வந்து நின்றபோது அவள் கதவை முழுதாகத் திறக்கக்கூட இல்லை. "போய் அனுசரிச்சு இரு" என்றாள். மகள் அங்கே திரும்பிப் போகவில்லை. தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வாப்பாவிடம் மட்டும் பேசுகிறாள். ஹஜ் செய்தியையும் அவர் சொல்லியாகிவிட்டது. உம்மா பயணம் போகும்போது பிள்ளைதானே கூப்பிட வேண்டும்? முறை அதுதானே? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு சமையலறைக்கும் ஜன்னலுக்கும் இடையே நடந்து நடந்து அவளுக்குக் கால் வீங்கியிருந்தது.

வகுப்பெடுத்த, மார்க்கம் படித்த ஆலிமா சின்ன வயதுக்காரி. "குழந்தை தாகத்துல அழுது. சுத்தி ஆளே இல்ல. ஹாஜரா அம்மா இந்தக் குன்றுல ஏறிப் பாக்குறாங்க, அந்தக் குன்றுல ஏறிப் பாக்குறாங்க. நடுவுல பள்ளத்துல இறங்கினா குழந்தை கண்ணுக்கு மறைஞ்சிடும். அதனால அந்த இடத்தை ஓடிக் கடந்தாங்க. மக்காவுல பச்சை விளக்கு எரியுற இடம் அதுதான், இங்க பச்சைத் துணி. அங்க ஆம்பளைங்க ஓடணும், நாம நடந்தா போதும்."

"ஓடினது பொம்பளை, ஓட்டம் மட்டும் ஆம்பளைக்கா?" என்றாள் எதிர்வீட்டு அக்கா. "எங்க வீட்டு மனுஷன் பஸ்ஸுக்கே ஓடமாட்டாரு."

மண்டபம் சிரித்தது. "உங்க முட்டிக்குக் கொடுத்த சலுகைன்னு வச்சுக்கங்க அக்கா" என்றாள் ஆலிமா.

ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு சுற்று. நடக்கத் தொடங்கினார்கள். சிறுவயதிலிருந்து கேட்ட கதைதான். கேட்கும்போதெல்லாம் அவள் கடைசியில் ஊறிவந்த தண்ணீரைத்தான் நினைத்திருக்கிறாள். இன்று 'கண்ணுக்கு மறைஞ்சிடும்' என்பதில் மனம் மாட்டிக்கொண்டது. கதவிடுக்கில் கடைசியாகத் தெரிந்தது மகளின் முகம்கூட இல்லை, பெட்டியின் பிடியை இறுக்கிய விரல்கள்.

பச்சைத் துணியைத் தொடும்போது கைப்பேசி அடித்தது.

அவள் ஓடினாள். முந்தானை சரிய, யார் தோளிலோ இடித்துக்கொண்டு ஓடினாள். அவளுடைய மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் கோணியது. "நடங்கம்மா, நடங்க!" என்று ஆலிமா பின்னால் கத்தினாள்.

கணவர்தான். "பெட்டிப் பூட்டோட சாவிய எங்க வச்சே?"

"பூட்டுலயே தொங்குதுங்க" என்று வைத்துவிட்டாள்.

எதிர்வீட்டு அக்கா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "என்னடி, மர்வாவுல தண்ணி கிடைச்சுதா?"

"ஹாஜரா அம்மாவுக்கு அங்கயும் கிடைக்கல" என்று ஆலிமா சிரித்தாள். "பிள்ளையோட காலடியிலதானே வந்துச்சு."

அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட? சுத்து முடியலையே!"

"அங்க போய் முடிச்சுக்கறேன் அக்கா."

கண்ணாடிக் கடையில் மகள் ஒரு பெரியவரின் காதோரம் பிரேமைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கோட்டில் இன்னும் மெலிந்து தெரிந்தாள். "உக்காருங்க, வரேன்" என்றாள், வாடிக்கையாளரிடம் சொல்வது போல. அந்த 'ங்க' சுருக்கென்று தைத்தது. பெரியவர் போன பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சோ..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "தெரிஞ்சேதான் செஞ்சேன். ஊர் என்ன சொல்லுமோன்னு பயந்தேன். கதவைத் திறந்திருக்கணும்."

மகள் துணியால் கவுண்டர் கண்ணாடியைத் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது. "ஹஜ்ஜுக்குப் போறதுக்காகக் கேக்கறியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். "அதுக்கும்தான்" என்றாள். "ஆனா அதுக்காக மட்டும் இல்ல. நீ மாட்டேன்னு சொன்னாலும் ஹஜ் முடிச்சு வந்து மறுபடி கேப்பேன்."

"நான் இன்னும் மாட்டேன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல."

"சரி."

மகள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன இது, கண்ணாடி இப்படிக் கோணிக் கிடக்கு? எங்க விழுந்த?"

"விழல. ஓடினேன்."

"இந்த வயசுலயா?" மகள் கையை நீட்டிக் கண்ணாடியைக் கழற்றி எடுத்தாள்.

உலகம் கலங்கிப்போனது. எதிரே ஒரு வெள்ளை மங்கல், முகமில்லை. அவள் பதறி எழுந்து, கைக்கு அகப்பட்ட கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கதான் இருக்கேன். கொஞ்சம் அசையாம உக்காரு உம்மா" என்றது குரல். சின்னத் திருப்புளியின் கிறீச்சொலி கேட்டது.

உட்கார்ந்தாள். கோட்டு நுனியை விடவில்லை.