ஷீலாவின் கண்ணீர் அமிலமான வருடங்கள்

காரைக்குடி செக்காலையில் குடியிருந்த ஆரோக்கிய ஷீலாவின் கண்ணீர் 1990ஆம் ஆண்டு செப்டம்பரில் புளிக்கத் தொடங்கியது. அவள் கணவன் செல்வின் குவைத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆகஸ்டில் அங்கே படை புகுந்ததும் இந்தப் பக்கத்து ஆட்கள் பாலைவனம் கடந்து, பம்பாய்க்கு விமானத்தில் வந்து, ரயிலேறி ஒவ்வொருவராக வீடு சேர்ந்தார்கள். செல்வின் வரவில்லை. ஒருநாள் அடுப்பின் முன் நின்று ஷீலா அழுதபோது சொட்டு ஒன்று விழுந்து பால் திரிந்தது. மாமியார் அருளம்மாள் அவள் கன்னத்து ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, எலுமிச்சை மாதிரி இருக்கிறது என்றாள். அன்றிலிருந்து வீட்டுப் பித்தளைச் சாமான்களுக்குப் புளி தேவைப்படவில்லை.

அருளம்மாள் அழவில்லை. உடலைப் பார்க்காமல் அழுவது உயிரோடிருப்பவனைக் குழியில் தள்ளுவது என்று நம்பினாள். "எம் பிள்ளை வருவான். அதுவரைக்கும் இந்த வீட்டுக்குள்ள யாரும் அழுகக் கூடாது" என்று மருமகளிடம் சொன்னாள். அதன்பிறகு ஷீலா கொல்லைப்பக்கம் போய் அழுதாள்.

மறு வருடம் கண்ணீர் உப்பு அமிலமாகிவிட்டது. கொல்லையின் சிமெண்டுத் தரையில் அது விழுந்த இடமெல்லாம் நுரைத்துப் பொங்கிக் குழியானது. கக்கூஸ் கறைக்கு நல்லது என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் வாங்கிப் போனார்கள். அவள் கன்னத்தை மட்டும் அது ஒன்றும் செய்யவில்லை. காட்டியபோது டாக்டர், வயிற்றில் ஊறும் அமிலம் வயிற்றைத் தின்றுவிடுகிறதா என்று கேட்டு, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதற்கடுத்த மழைக்காலத்தில் நைட்ரிக் அமிலம் வந்தது. நகை செய்யும் ஏகப்பன் பத்தர் தங்கத்தை உரசிப் பார்க்க அதைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் போனார். மதுரையில் வாங்குவதைவிடச் சுத்தம் என்றார். எடுத்துக் கொடுத்த ஷீலாவின் விரல்கள் மஞ்சளாகின.

தொண்ணூற்று நாலில் அது கந்தக அமிலமாகி, அதிலேயே நின்றது. ரவிக்கை தைத்துப் பிழைத்தவள் அந்த வேலையை விட்டாள். ஒரு சொட்டு தெறித்தாலும் பருத்தித் துணி பொத்தலாகிவிட்டது. சர்க்கரையில் விழுந்தால் சர்க்கரை கரியானது. பேட்டரிக் கடை நெல்சன் வாரம் தவறாமல் வந்து வாங்கிப் போய், தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலந்து, பஸ் பேட்டரிகளுக்கு விட்டார். தேவகோட்டைக்குப் போகும் முதல் பஸ் அதில்தான் கிளம்புகிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை அவர், "வருத்தம் கொறைஞ்சிருச்சாம்மா? போன வாரத்துது அவ்வளவு வேகமில்லையே" என்று கேட்டார். குறையவில்லை என்று ஷீலா சொன்னாள்.

ஏழு வருடம் தகவல் இல்லாதவனை இறந்தவனாகக் கொள்ளலாம் என்று தொண்ணூற்றேழில் வக்கீல் சொல்ல, ஷீலா மாதா கோவிலில் செல்வினுக்கு இறந்தோர் பூசை வைக்கக் கேட்டுக்கொண்டாள். அருளம்மாள் மருமகளோடு பேசுவதை நிறுத்தினாள். பங்குச் சாமியார் நல்ல மனிதர். கோவில் பீடமும் படிகளும் பளிங்கு என்பதால், ஷீலா வெளியே வேப்பமரத்தடியில் நின்று பூசை கண்டால் நல்லது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் மறுக்கவில்லை. உள்ளே கணவன் பெயரை வாசிப்பது ஒலிபெருக்கியில் கேட்டபோது அவள் கால்மாட்டில் புல் கருகியது.

வரமாட்டேன் என்றிருந்த அருளம்மாள் அப்போது தெருவிலிருந்து வந்தாள். கோவிலுக்குள் போகாமல் நேரே மரத்தடிக்கு நடந்தாள். "தொடாதீக அத்தை, வெந்துரும்" என்று ஷீலா முகத்தைத் திருப்பினாள்.

"எம் பிள்ளைக்குத்தான அழுகுறே" என்றாள் அருளம்மாள். கையால் மருமகளின் இரண்டு கன்னங்களையும் துடைத்தாள். தோல் வெந்த வாடை எழுந்தது. அவள் கையை எடுக்கவில்லை. பூசை முடியும்வரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

கை ஆறச் சில மாதங்கள் ஆயின. மகனின் இறப்புச் சான்றுக்கு மனுப் போட்டபோது அவள் வைத்த கைநாட்டில் ரேகை ஒன்றும் இல்லை. வழவழவென்று மை மட்டும் அப்பியிருந்தது. அலுவலகத்தில் அதை அப்படியே வாங்கிக்கொண்டார்கள்.