கை ஊன்றாமல்

வாருங்கள், நியாயம் அறிந்தவர்களே! வந்து பாருங்கள், இந்தக் காலணிக் கடையின் இரண்டாம் தளத்தில் நடக்கும் அநியாயத்தை! கண்ணாடிக்கு எதிரே ஒரு விற்பனைப் பெண் மண்டியிட்டிருக்கிறாள். நாற்காலியில் அமர்ந்திருக்கும் வாடிக்கையாளரின் வலது காலில் கறுப்புத் தோல் காலணியை மாட்டிவிட்டாள், நாடாவைக் கட்டிவிட்டாள். வேலை முடிந்தது. ஆயினும் கட்டிய நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டுகிறாள். எழுந்திருக்க அவளுக்கு அச்சம்.

இக்கடையில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. விற்பனைப் பெண் வாடிக்கையாளரின் காலடியில் மண்டியிட வேண்டும். எழும்போது அவள் கை எதையும் பற்றக் கூடாது. நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டாலும், தரையில் விரலை ஊன்றினாலும், கல்லாவருகே நிற்கும் தள மேலாளரின் கண்ணுக்குத் தப்பாது. “சுறுசுறுப்பு போயிடுச்சு” என்பார். மறுநாள் கிடங்கு, அடுத்த மாதம் வீடு. இத்தளத்தின் மூத்த விற்பனைப் பெண்ணான பெரியக்கா அப்படித்தான் போனாள். பதினோரு ஆண்டுகள் ஊரார் பாதங்களை மடியில் ஏந்தியவள், ஒருநாள் தடுமாறி வாடிக்கையாளரின் முழங்காலைப் பிடித்து எழுந்தாள். பிடித்தது ஒரு கணம், போனது பிழைப்பு.

அதைப் பார்த்துக் கதிகலங்கிய நம் விற்பனைப் பெண்தான் அந்த வித்தையைக் கண்டுபிடித்தாள். இரண்டு காலணிப் பெட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரே உந்தலில் எழுவது. கை நிறையப் பெட்டி இருந்தால் ஊன்றத் தோன்றாது. சுளிக்கும் முகமும் பெட்டிக்குப் பின்னால் மறைந்துவிடும். தளத்திலிருந்த எல்லாப் பெண்களுக்கும் அவளே கற்றுக்கொடுத்தாள். பெட்டியின் கனத்தையும் சேர்த்து முட்டிதான் சுமக்கிறது என்பதை ஒருத்தியும் யோசிக்கவில்லை.

“ஒரு நாளைக்கு எண்பது தடவையா? பளு தூக்குறவங்க கூட நடுவுல லீவு போடுவாங்கம்மா,” என்றார், முட்டிவலி தாளாமல் அவள் போய்ப் பார்த்த இயன்முறை மருத்துவர். “பயப்படாதீங்க, மூட்டு இன்னும் கெடல. கெஞ்சுது, அவ்வளவுதான். நாற்காலியில உக்காந்து காலை நேரா நீட்டி, பத்து எண்ணிட்டு இறக்குங்க. தொடை பலமானா முட்டிக்குப் பாரம் குறையும். மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் உக்காருங்க. மண்டி போடாதீங்க. போட்டே ஆகணும்னா, கையை ஊனி எழுந்திரிங்க. அதுல என்ன வெட்கம்?”

“வெட்கம் இல்ல டாக்டர்,” என்றாள் அவள். “பயம்.”

தளத்தில் பதினாறு நாற்காலிகள். பதினாறும் வாடிக்கையாளருக்கு. எனவே பேருந்தில் இடம் கிடைத்தால் காலை நீட்டினாள். சமையலறை முக்காலியில் உட்கார்ந்து நீட்டினாள். “கால்பந்து டீம்ல சேரப் போறியா? சேர்ந்துடு. வீட்ல ஒருத்தராவது ஆடுவோம்,” என்றார் கணவர். அவர் வேலை பார்த்த அச்சகம் மூடி ஆறு மாதமாகிறது. இப்போது வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். அந்தப் பேச்சுக்கு இருவரும் சிரித்தார்கள். பயிற்சி பலித்தது. மூன்றே வாரத்தில் மாடிப்படி இலகுவானது. பின்பு தள்ளுபடி விற்பனை வந்தது. உடல் சிறுகச் சிறுக மீட்டதை எல்லாம் கூட்டம் நான்கே நாளில் பறித்துக்கொண்டது.

இன்று சனிக்கிழமை நண்பகல். எத்தனையாவது பாதமோ, எண்ணுவதை அவள் விட்டுவிட்டாள். இடது முட்டி மடங்கிய இடத்திலேயே பூட்டிக்கொண்டது. அசைத்தால் உள்ளே எதுவோ அறுந்துவிடும் போலிருக்கிறது. குளிரூட்டிய அறையில் முதுகுத்தண்டு வழியே வியர்வை இறங்குகிறது.

“எத்தனை தடவைங்க கட்டுவீங்க?” வாடிக்கையாளர் சிரிக்கிறார். “அவுத்துக்கிட்டு ஓட நான் என்ன மாடா?”

“லூசா இருக்கோன்னு பார்த்தேன் சார்.”

“இன்னும் இறுக்கினீங்கன்னா பாதத்தை இங்கயே விட்டுட்டுப் போகணும்.”

அவளும் சிரித்து வைக்கிறாள். ‘வாயாடி’ என்று பெயரெடுத்த பக்கத்து விற்பனைப் பெண் குனிந்து கிசுகிசுக்கிறாள். “அக்கா, ரெண்டு பெட்டி தரவா?”

“வேணாம்டி. பெட்டியோட என்னால முடியாது.”

“அப்ப கையை ஊனுங்க. நான் குறுக்க நின்னு மறைச்சுக்கிறேன்.”

“பார்த்துக்கிட்டே இருக்காருடி.”

“என்னம்மா அங்க?” கல்லாவிலிருந்து குரல் வருகிறது. “ஷூவை அங்கயே தைச்சுக்கிட்டிருக்கீங்களா?”

நாடாவின் முனை அவள் விரல்களிலிருந்து நழுவுகிறது. பெரியக்கா போன நாளன்று இந்தக் குரல் இப்படித்தான் முதலில் வேடிக்கை பேசியது. முக்காலியருகே அமர்ந்து செய்தித்தாளில் வேலை விளம்பரங்களை வட்டமிடும் கணவரின் முகம் ஒரு கணம் வந்து போகிறது. எழ முயல்கிறாள். முட்டி இணங்க மறுக்கிறது. மேலாளர் கல்லாவை விட்டுக் கிளம்பிவிட்டார். பளிங்குத் தரையில் அவருடைய குதிகால் ஓசை நெருங்குகிறது. அவள் இடது கை தரையை நோக்கி இறங்குகிறது. ஒரு சாண் உயரத்தில், தொடவும் துணியாமல், திரும்பவும் முடியாமல் நிற்கிறது.

காலை நீட்டி அமர்ந்திருப்பவர்களே! இந்த வாடிக்கையாளர் இன்று உட்கார்ந்த இடத்தில் நாளை உட்காரப் போகிறவர்கள் நீங்கள். எழுந்திருங்கள்! நாற்காலியை அவள் பக்கம் திருப்புங்கள். “முதல்ல நீங்க உக்காருங்கம்மா” என்று, வருகிற மேலாளரின் காதில் விழும்படி உரக்கச் சொல்லுங்கள். சீக்கிரம்! இன்னும் எட்டடிதான்.