முனிரத்தினத்தின் இடுப்பு

ஆண்பிள்ளையின் இடுப்பில் குழந்தை உட்காராது. இது முனிரத்தினம் கண்டறிந்த உண்மை. மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் என்பதால் காரணத்தோடுதான் சொல்வான்.

"பொம்பளைக்கு இடுப்புல பிராக்கெட் கீது. நமக்கு நேர் பைப்பு. நேர் பைப்புல லோடு நிக்குமா?"

ஊர் டீக்கடையில் 1991 வரை இதை யாரும் மறுத்ததில்லை. அங்கே டீ குடிக்க வரும் நரசிம்மன் தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனபோதுகூட முனிரத்தினம் சிரிக்கவில்லை. "இன்னா அண்ணி, சக்கரை போடுறாங்களா?" என்று அவனிடம் மரியாதையாகத்தான் கேட்டான்.

அவன் மனைவி கங்காவுக்கு இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் நேரமில்லை. ஒன்றரை வயது எழிலரசன் விடிந்ததிலிருந்து அவள் இடுப்பில்தான் குடியிருந்தான். போதாததற்கு இப்போது நாள் தள்ளிப்போயிருந்தது. தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டும். பையனை இறக்கிவிட்டுக் கொல்லைக்கு ஓடினால் அதற்கு ஓர் அழுகை. அவனைத் தூக்கிக்கொண்டே வாந்தியெடுக்கப் பழகிவிட்டாள்.

ஒரு நாள் லேசாக ரத்தம் பட்டது. ஆஸ்பத்திரி நர்ஸம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: "கரு தங்கணும்னா கனமா எதையும் தூக்காதே. புள்ளையையும்தான்."

மாமியார் சின்னப்பொண்ணு அன்றைக்கே தீர்ப்பு சொன்னாள். வயிற்றில் அடுத்தது வந்ததால் பையன் சவலையாகிவிட்டான், அதுதான் இந்த நச்சரிப்பு. பிரசவம் ஆகும்வரை தண்டலத்தில் முனிரத்தினத்தின் அக்கா கோவிந்தம்மா வீட்டில் இருக்கட்டும்.

"அக்கா நல்லா பாத்துக்கும்" என்றான் முனிரத்தினம்.

"பாத்துக்கும். நான் அனுப்ப மாட்டேன்."

"அப்போ யாரு தூக்குறது?"

கங்கா அவன் இடுப்பைப் பார்த்தாள். அவன் அவசரமாக ஷிஃப்டுக்குக் கிளம்பினான்.

மறுநாள் கங்கா வீட்டையே தரைக்கு இறக்கினாள். அலமாரியிலிருந்த அஞ்சறைப் பெட்டி, பருப்பு டப்பா, சீப்பு, கண்ணாடி எல்லாம் கீழே வந்தன. உட்கார்ந்தே நறுக்கினாள், உட்கார்ந்தே துவைத்தாள். பையனை அவள் தூக்கவில்லை; அவனாகவே மடியில் ஏறிக்கொண்டான்.

"வூடாடி இது? கால் வெக்க எடமில்ல" என்றாள் மாமியார்.

"பாத்து நட அத்தை. வுழுந்தா தூக்கறதுக்கு இங்க ஆளில்ல."

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தம்மா வந்தாள். பையனின் துணிகளை அவளே பையில் அடுக்கினாள்.

"எட்டு மாசந்தானே கங்கா."

"எட்டு மாசத்துல அவன் உன்னத்தான் அம்மான்னு கூப்புடுவான், அண்ணி."

கோவிந்தம்மா அதைக் கேலியாக எடுத்துக்கொண்டு பையனைத் தூக்கித் தோளில் போட்டு நடந்தாள். முனிரத்தினம் பையோடு பின்னால் போனான். யாரும் கூப்பிடாமலே கங்காவும் போனாள்.

ஒரகடம் ரோட்டில் பஸ் வந்து நின்றது. பையன் இரண்டு கைகளையும் அம்மாவை நோக்கி நீட்டிக் கதறினான். கங்காவின் கைகள் தானாக எழுந்தன. அடக்கிக்கொண்டாள். தூக்கினால் வயிற்றில் இருப்பது போகும். தூக்காவிட்டால் இவன் போவான். சட்டென்று பஸ் படிக்கு எதிரே ரோட்டோரப் புழுதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியைத் தட்டினாள். பையன் திமிறி, அத்தையின் புடவையைப் பிடித்து வழுக்கி இறங்கி, ஓடிவந்து மடியில் விழுந்தான்.

"இன்னாம்மா, ஏறப்போறியா, இங்கயே குடித்தனம் பண்ணப்போறியா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"எங்க அண்ணி மட்டுந்தான். தண்டலம் ஒண்ணு குடுங்க."

"டேய் முனி, உன் பொண்டாட்டிய கேளேன்டா!" ஒரு காலைப் படியில் வைத்தபடி கோவிந்தம்மா கத்தினாள்.

முனிரத்தினம் வாயைத் திறந்தான். கங்கா அவன் பக்கம் திரும்பவே இல்லை. முந்தானையால் பையனின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ போக்கா" என்றான். பஸ் போய்விட்டது.

இனி வீட்டுக்குப் போக வேண்டும். பையன் ஓர் அடிகூட நடக்க மாட்டேன் என்றான். முனிரத்தினம் தோளில் ஏற்றிப் பார்த்தான். பையன் அவன் தலைமுடியைப் பிடித்து உலுக்கி ஊரைக் கூட்டினான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெஞ்சு நிறைய ஆள்.

"கழனி பக்கமா பூடலாமா?" என்று மெல்லக் கேட்டான்.

"வரப்பு ஏறி எறங்க என்னால ஆவாது. நான் ரோட்டாண்டதான் வருவேன்."

புழுதியைத் தட்டிக்கொண்டு அவள் நடந்தாள். பின்னால் அலறல் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் அது விக்கலாகி நின்றது. கங்கா திரும்பிப் பார்த்தாள்.

ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு கையில் பையோடு, முனிரத்தினம் தரையைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தான். பையன் இடுப்பில் இரண்டு கால்களையும் இறுக்கிப் போட்டு, சட்டைப் பித்தானைச் சப்பிக்கொண்டிருந்தான். டீக்கடையில் நரசிம்மனின் கிளாஸ் வாய்க்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது.

கங்கா முன்னால் திரும்பி, வேகத்தைக் கூட்டாமல், கடைக்கு நேராகவே நடந்தாள். கடை தாண்டியதும் முனிரத்தினம் பையைக் கை மாற்றி, பையனை இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்குத் தள்ளிக்கொண்டான்.